இருபத்தாறு எழுத்துக்கு மூன்று பென்ஸ்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மாஸ்டர். மாஸ்டரின் மனைவி. கீழே மளிகைக்கடை வைத்திருந்த அண்ணை. அறையும் அவருடையதுதான், வாடகை வாங்க மேலே ஏறி வந்திருந்தார். டென்மார்க்கில் இறைச்சித் தொழிற்சாலையில் வலக்கை விரல்கள் இரண்டை இழந்த ஒரு தம்பி. என் கணவர். நான். ஏழாவது ஆள் இல்லை. இதை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு கடைக்கார அண்ணை, தான் அன்றைக்கு மேலே வரவே இல்லை என்று நாலு பேரிடம் சொல்லித் திரிந்தார். என் கணவரைக் கேட்டால் தனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்கிறார். எனக்கு ஞாபகம் இருக்கிறது. யார் எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்பதுகூட.

இடம் இல்ஃபோர்ட். தொண்ணூறுகளின் பின்பாதி. செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று, மத்தியானம்.

நாங்கள் லண்டனுக்கு வந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒன்பது வருடம் டென்மார்க்கில், யூட்லாந்துக் கரையோரம் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். டேனிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும், எங்கள் ஆட்கள் இருக்கிற இடத்தில் இருப்போம் என்று பெட்டி கட்டினோம். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டின் மேல்மாடி கிடைத்தது. கணவருக்குப் பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. எனக்கு வேலை இல்லை. எனக்குத் தெரிந்த டேனிஷ் இங்கே ஒருவருக்கும் தேவைப்படவில்லை. இங்கே தேவைப்பட்ட ஆங்கிலம் எனக்குத் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள்.

அப்போதுதான் கோயிலில் ஒருவர் சொன்னார், இல்ஃபோர்ட்டில் ஒரு மாஸ்டர் இருக்கிறார், கடதாசி வேலை எல்லாம் செய்து கொடுப்பவர், டேனிஷ் தெரிந்த ஆள் தேடுகிறார் என்று. அந்தக் காலத்தில் டென்மார்க்கிலிருந்து எங்களைப் போல் குடும்பம் குடும்பமாக வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்களின் கடதாசி எல்லாம் டேனிஷில் இருந்தது. கவுன்சிலில், அரசாங்க உதவிப்பணம் தரும் பெனிபிட் அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், எங்கே போனாலும் ஆங்கிலத்தில் கொண்டு வா என்றார்கள்.

வேலை நடக்கும் விதம் இதுதான். டேனிஷ் கடதாசியின் பிரதி என் வீட்டுக்கு வரும். நான் அதைத் தமிழில் கையால் எழுதிக் கொடுப்பேன். மாஸ்டர் என் தமிழை ஆங்கிலமாக்கி, தட்டச்சு செய்து, கீழே முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பார். கையெழுத்து அவருடையது. என் பெயர் எங்கும் வராது. அது எனக்குக் கவலையாகவும் இருக்கவில்லை, சொல்லப்போனால் நிம்மதியாகத்தான் இருந்தது. பிழை வந்தால் என்னைப் பிடிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும் ஆள் நான். கேஸ் அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்க பஸ் தரிப்பிடத்திலிருந்து திரும்பி வருகிறவள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

எனக்கு மாஸ்டர் சொல்லுக்கு மூன்று பென்ஸ் தருவதாகச் சொன்னார். வருகிறவர்களிடம் அவர் எவ்வளவு வாங்குகிறார் என்று நான் கேட்கவில்லை. எங்களுடைய ஆட்களிடம் வேலைக்குப் போனால் அதெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டால் "இவவுக்குக் காசுதான் பெரிசு" என்று பெயர் வரும். அவராகப் பார்த்துத் தருவார் என்று இருக்க வேண்டும். அதிலும் மாஸ்டர் என்று ஊரே கூப்பிடுகிற ஒருவரிடம் கணக்குக் கேட்பது இன்னும் மோசம். அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் படிப்பித்தார் என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அது வேறு கதை.

டேனிஷை நான் எப்படிப் படித்தேன் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று விளங்காது.

அந்த மொழியில் சொற்களைச் சேர்த்துச் சேர்த்து ஒன்றாக எழுதுவார்கள். இடைவெளியே இராது. அகதியாகப் போய் இறங்கிய முதல் கிழமையில் எங்கள் கையில் தந்த கடதாசியில் இருந்த சொல் 'ஒப்ஹொல்ஸ்தில்லேதெல்ஸ'. டேனிஷில் பதினேழு எழுத்து. அதன் கருத்து, அந்த நாட்டில் தங்கியிருப்பதற்கான அனுமதி. எங்கள் உயிரே அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது, ஆனால் எனக்கு அதை வாயால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாத ஒன்றை எப்படிக் கேட்டு வாங்குவது? அந்தப் பயத்தில் எனக்கு இரண்டு மாதம் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

மொழி வகுப்பில் இருந்த டேனிஷ்காரி எங்களைக் கை தட்ட வைத்தாள். ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு. ஒப், தட்டு. ஹொல்ஸ், தட்டு. தில், லே, தெல், ஸ. ஆறு தட்டு. அசை என்ற சொல் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் நேரசை நிரையசை வரைக்கும் வந்திருந்தேன். அடுத்த பாடம் சீர். அது வருவதற்குள் அம்மாவுக்கு நோய் வந்து நான் வீட்டோடு நின்றுவிட்டேன். ஆகவே அசை தெரியும், சீர் தெரியாது. டேனிஷ் படிக்க அது போதுமாக இருந்தது.

அவள் இன்னொன்றும் சொன்னாள்: டேனிஷ்காரர் நாங்கள் எழுதுவதையெல்லாம் பேச மாட்டோம், பாதியை விழுங்கிவிடுவோம் என்று. உண்மைதான். கடதாசியில் எட்டு அசை இருக்கும், கடையில் அந்தச் சொல்லையே ஒருவன் சொல்லும்போது ஐந்துதான் காதில் விழும். மிச்ச மூன்றையும் நான் வீட்டுக்கு வந்து கடதாசியில் தேடுவேன்.

கை தட்டுவது சொல்வதற்கு. விளங்குவதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். காலைச் சாப்பாட்டுத் தானியப் பெட்டியின் அட்டையில் நீளச் சொல்லை எழுதுவேன். கத்தரிக்கோலை எடுத்து மூட்டு மூட்டாக வெட்டுவேன். மீன் தொழிற்சாலையில் ஹெரிங் மீனைத் துண்டாக்கிப் போத்தலில் அடைக்கிற வேலை செய்துகொண்டிருந்ததால் எனக்கு வெட்டுவது ஒன்றும் புதிதல்ல. எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் கத்தி சிக்காது. டேனிஷ் சொல்லிலும் அப்படித்தான். இரண்டு துண்டு சேருகிற இடத்தில் பல தடவை ஒரு 'ஸ்' இருக்கும். அதற்குக் கருத்து இல்லை, அது வெறும் பசை. நாங்கள் புளியையும் கறியையும் சேர்த்துப் புளிக்கறி என்னும்போது நடுவில் ஒரு 'க்' வந்து நிற்கிறதே, அதுபோல. சில இடத்தில் இரண்டு 'ஸ்' பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று பசை, மற்றது அடுத்த சொல்லின் தலை. எது எது என்று தெரியாமல் வெட்டினால் தலை போய்விடும்.

கடைசித் துண்டுதான் ஆள். முன்னால் நிற்பவை எல்லாம் அந்த ஆளைப் பற்றிச் சொல்ல வந்தவை. இதுவும் எங்களைப் போலத்தான். மீன்தொட்டி என்றால் தொட்டி, தொட்டிமீன் என்றால் மீன். ஆகவே நீளச் சொல்லைக் கண்டால் பயப்படாமல் வாலிலிருந்து வாசிக்க வேண்டும். முதலில் அது என்ன பொருள் என்று தெரிந்துகொண்டு, பிறகு ஒவ்வொரு துண்டாக முன்னுக்குப் போக வேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. சமையலறை மேசையில், அட்டைத் துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, மூன்று வருடத்தில் நானாகக் கண்டது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு வாழ்க்கையில் முழுதாகத் தெரிந்த விடயம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

விரல் போன தம்பியின் கடதாசிகள் ஓகஸ்டில் வந்தன. நாற்பத்தொரு பக்கம். அவர் டென்மார்க்கில் பன்றி இறைச்சி வெட்டும் இடத்தில் வேலை செய்தவர். இயந்திரம் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. வைத்தியர் எழுதியது, தொழிற்சாலை எழுதியது, நட்டஈட்டுக்காரர் எழுதியது என்று ஒரு கட்டு. லண்டனில் பெனிபிட் கேட்டபோது அத்தனையையும் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தின் தலைப்பிலேயே ஒரு சொல் இருந்தது: 'ஆர்பைட்ஸ்ஸ்கேதஎர்ஸ்டாட்னிங்ஸ்ஸே'. டேனிஷில் இருபத்தாறு எழுத்து. எட்டு அசை. அந்தச் சொல் அந்தக் கட்டு முழுவதும் திரும்பத் திரும்ப வந்தது. அதைவிட நீளமானவையும் இருந்தன.

மூன்று கிழமை எழுதினேன். எழுதிய பிறகும் கொடுக்க மனம் வரவில்லை. இந்த ஆளுக்குக் கிடைக்க வேண்டிய காசு என்னுடைய ஒரு பிழையால் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று மூன்று தடவை திரும்பப் பார்த்தேன். பிறகுதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த கிழமை மாஸ்டர் ஒரு கவர் தந்தார். உள்ளே எழுபத்திரண்டு பவுண் முப்பத்தாறு பென்ஸ். கவரின் மேல் மாஸ்டரின் மனைவி பென்சிலால் எழுதியிருந்தார்: 2412 சொல்.

எனக்கு அந்தக் காசு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கல்லூரியில் ஆங்கில மாலை வகுப்பு இருந்தது. கட்டணம் தொண்ணூறு பவுண். ஆங்கிலம் வந்துவிட்டால் டேனிஷிலிருந்து நேரே நானே எழுதுவேன். நடுவில் ஒருவரும் வேண்டாம். கணவரிடம் கேட்க எனக்கு விருப்பமில்லை. வாடகையும் கொழும்புக்கு அனுப்புகிற காசும் அவர் தலையில் இருந்தது. என் டேனிஷில் உழைத்த காசிலேயே ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று மனதில் ஒரு பிடிவாதம். பணம் கட்டக் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. கவரை எண்ணிப் பார்த்தபோது பதினேழு பவுண் சொச்சம் குறைந்தது. சரி, இன்னொரு சின்ன வேலை வரும் என்று இருந்தேன்.

அதற்கு முந்திய வியாழக்கிழமை இல்ஃபோர்ட் கடைத் தெருவில் தம்பியைக் கண்டேன். இடக்கையில் மரக்கறிப் பை. என்னைக் கண்டதும் நின்றார்.

"அக்கா, நீங்கதானே என்ர கடதாசி எழுதினனீங்கள்? பெரிய உபகாரம். ஆனா மூவாயிரத்துச் சொச்சம் சொல்லு எண்டு நான் நினைக்கேல்லை."

"எவ்வளவு?"

சட்டைப் பையிலிருந்து பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினார். 3168 சொல். சொல்லுக்கு எட்டு பென்ஸ். இருநூற்றைம்பத்துமூன்று பவுண் நாற்பத்துநாலு பென்ஸ்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எனக்கு வந்தது பயம். 3168 சொல் உள்ள கடதாசியில் நான் 2412 சொல்தான் எழுதியிருக்கிறேன் என்றால், எழுநூற்றைம்பத்தாறு சொல்லை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். பக்கம் ஒட்டிக்கொண்டு தவறியிருக்கும். இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டியிருப்பேன். தம்பியின் விரலைப் பற்றி வைத்தியர் எழுதிய முக்கியமான இடமே போயிருக்கும். மாஸ்டர் தன் ஆங்கிலத்தால் எப்படியோ நிரப்பியிருக்கிறார், பொய்யாக நிரப்பியிருந்தால் பெனிபிட்காரர் தம்பியைப் பிடிப்பார்கள், எல்லாம் என்னால்.

எண்பத்தாறாம் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன். பிரதி என்னிடம் இருந்தது. மேசையில் விரித்து, ஒவ்வொரு டேனிஷ் சொல்லின்மேலும் விரலை வைத்து, என் தமிழில் அது இருக்கிறதா என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமையும் பார்த்தேன். சமைக்கவில்லை, வீட்டில் எல்லோரும் பாணும் ஜாமும் சாப்பிட்டார்கள். நாற்பத்தொராம் பக்கத்தின் கடைசிச் சொல் வரைக்கும் ஒன்றுமே விடுபடவில்லை.

கடைசிப் பக்கத்தில் கணக்கும் போட்டு வைத்திருந்தேன், பென்சில் கோடுகளால். டேனிஷ் சொல் 2412.

அப்போதுதான் விளங்கியது. எனக்குக் காசு தரும்போது டேனிஷ் கடதாசியில் எண்ணுகிறார்கள். தம்பியிடம் காசு வாங்கும்போது ஆங்கிலக் கடதாசியில் எண்ணுகிறார்கள். டேனிஷில் ஒன்றாக நிற்கும் சொல் ஆங்கிலத்தில் நாலாக நிற்கும். என் பக்கத்தில் அது ஒரு சொல், மூன்று பென்ஸ். தம்பியின் பக்கத்தில் அதுவே நாலு சொல், முப்பத்திரண்டு பென்ஸ். பிரித்த வேலை யாருடையது? அந்த நாலையும் ஒன்றுக்குள்ளிருந்து வெளியே எடுத்தது யார்? மாஸ்டருக்கு டேனிஷில் ஒரு எழுத்துத் தெரியாது. நான் வெட்டித் தமிழில் அடுக்கிக் கொடுத்த துண்டுகளைத்தான் அவர் ஆங்கிலத்தில் எண்ணி விற்றிருக்கிறார்.

கோபம் அப்போதுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு வர மனமில்லை. "இஞ்சரும், அவர் மாஸ்டர். நாளைக்கு எங்களுக்கும் ஒரு கடதாசி தேவைப்படும்" என்று பஸ்ஸில் மூன்று தடவை சொன்னார். இறங்கியதும், அடுப்பை நிறுத்தினேனா என்று எனக்கு ஞாபகம் வந்தது. அன்று மட்டும் நான் திரும்பிப் போகவில்லை.

ஒடுக்கமான மாடிப்படி. மேலே ஒரு மேசை, தட்டச்சு யந்திரம், ஐந்து கதிரைகள். மாஸ்டர் யன்னல் பக்கம். அவருக்குப் பக்கத்தில் மனைவி, பென்சிலும், வரி வரியாக வைத்து எண்ண ஓர் அடிமட்டமுமாக; சொல் எண்ணுவது எப்போதும் அவர்தான். நான் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். கடைக்கார அண்ணை வாடகைக்கு வந்து ரீ குடித்துக்கொண்டிருந்தார். தம்பி முத்திரை குத்திய பிரதியை வாங்க வந்திருந்தார். என் கணவர் கதவோடு நின்றார், இருக்கவில்லை.

நான் இரண்டு இலக்கத்தையும் சொன்னேன். மாஸ்டர் சிரித்தார்.

"பிள்ளை, சொல்லெண்டா சொல்லுத்தான். இடைவெளிக்கு இடைவெளி ஒண்டு. டேனிஷ்காரன் சேர்த்து எழுதினா அதுக்கு நான் என்ன செய்யிறது? அவனைப் போய்க் கேள்."

"அப்ப தம்பியிட்டையும் டேனிஷிலதானே எண்ணியிருக்கவேணும், மாஸ்டர்?"

"அவருக்கு நான் குடுத்தது இங்கிலீஷ். இங்கிலீஷில எண்ணினன்."

"நான் உங்களுக்குக் குடுத்தது தமிழ். அப்ப எனக்குத் தமிழில எண்ணுங்கோவன்."

கடைக்கார அண்ணை ரீயை வைத்துவிட்டுச் சிரித்தார். "மாஸ்டர், நான் இருபது கிலோ அரிசி மூட்டையையும் ஒரு பைக்கற் அப்பளத்தையும் சாமான் ரெண்டெண்டு எண்ணி ஒரே விலைக்கு வித்தா, நீங்கள்தான் முதல் ஆளா மூட்டை வாங்க வருவியள்!"

"நீர் உம்மட வாடகையை வாங்கிக்கொண்டு கீழ போம்" என்றார் மாஸ்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிப்புப் போய்விட்டது. "எட்டாம் வகுப்போட நிண்ட ஆள், சொல்லெண்டா என்னெண்டு எனக்குப் படிப்பிக்க வந்திருக்கிறியோ?"

என் கணவர் "வாரும், போவம்" என்று மெல்லச் சொன்னார்.

நான் போகவில்லை. கையிலிருந்த கவரைக் கிழித்து விரித்தேன். அதன் வெள்ளைப் பக்கத்தில் அந்தத் தலைப்புச் சொல்லை டேனிஷில் பெரிதாக எழுதினேன். அன்ரியின் முன்னால் கத்தரிக்கோல் கிடந்தது. எடுத்து மூன்று இடத்தில் வெட்டினேன். அது எனக்குத் தெரிந்த வேலை. நாலு துண்டையும் மேசையில் வரிசையாக வைத்தேன்.

"ஆர்பைட்ஸ். இது வேலை. ஸ்கேத. இது காயம். எர்ஸ்டாட்னிங்ஸ். இது நட்டஈடு. ஸே. இது வழக்கு. நாலு துண்டு, எட்டு அசை. கை தட்டியும் காட்டுவன். இதில எந்தத் துண்டை நான் சும்மா செய்தனான்? எந்தத் துண்டை நீங்கள் செய்தனீங்கள்? எடுத்துக் காட்டுங்கோ மாஸ்டர்."

மாஸ்டர் துண்டுகளைப் பார்க்கவே இல்லை. யன்னலைப் பார்த்தார்.

தம்பி எழுந்து வந்து மேசையைக் குனிந்து பார்த்தார். "அக்கா, காயம் எண்டது எது?"

காட்டினேன். அந்தத் துண்டை வலக்கையால் எடுத்தார். மூன்று விரலால் எடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதை மாஸ்டரின் முன்னால் வைத்தார்.

"மாஸ்டர், இந்தத் துண்டுக்கு நான் உங்களுக்குத் தனியாக் காசு தந்திருக்கிறன். அக்காவுக்கு நீங்கள் குடுக்கேல்லையோ?"

"தம்பி, நீங்கள் இதுக்குள்ள வராதேங்கோ. உங்கட அலுவல் முடிஞ்சுது."

"எனக்கும் இந்த அலுவல்தான் மாஸ்டர். ஏலாத கையால உழைச்ச காசு."

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, மிச்சத்தைத் தான் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் ஒருமுறை கொடுத்தாகிவிட்டது. ஒரே துண்டுக்கு ஒரு மனிதன் இரண்டு தடவை காசு கொடுப்பதா?

அப்போது அன்ரி பேசினார். அந்த அறையில் அவர் பேசி நான் கேட்டதே குறைவு.

"ரெண்டையும் நான்தான் எண்ணினனான்" என்றார். "டேனிஷையும் நான்தான். இங்கிலீஷையும் நான்தான். எண்ணேக்கையே எனக்குத் தெரியும்."

"நீர் பேசாம இரும்" என்றார் மாஸ்டர்.

"எத்தினை வருஷமாப் பேசாமத்தானே இருக்கிறன்." கைப்பையைத் திறந்து பத்துப் பவுண் தாள் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "இது என்ர காசு. மிச்சம் அவர் தரவேணும். சொல்லுக்கு மூண்டு பென்ஸ், மூவாயிரத்து நூற்றி அறுபத்தெட்டுச் சொல். நான் எண்ணினது பிழைக்காது."

மாஸ்டர் மேசையைச் சரிசெய்வதுபோல் துண்டுகளைக் கையால் ஒதுக்கினார். "சரி, சரி. எங்கட ஆக்களுக்குள்ள உதென்ன சண்டை. பிறகு பாப்பம்."

பிறகு பாப்பம். எங்கள் ஆட்களின் வாயில் இந்த இரண்டு சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் காது எரியும். எதையும் தர மாட்டேன் என்று முகத்தில் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. பிறகு என்பார்கள். கேட்டவளும் பிறகு என்று தலையாட்டிக்கொண்டு போக வேண்டும். போகாவிட்டால் மரியாதை தெரியாதவள். நான் அன்று தலையாட்டவில்லை. ஆனால் நின்று சண்டை பிடிக்கவும் வரவில்லை. நாலு துண்டையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அவை என்னுடையவை.

பஸ்ஸில் கணவர் வெளியே பார்த்தபடி வந்தார். ஃபாரஸ்ட் கேட் வந்ததும், "வெட்டின வெட்டு நல்ல வெட்டு" என்றார். இதைச் சொன்னதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். அதுவும் இல்லையாம்.

வீட்டில் அடுப்பு நிறுத்தித்தான் இருந்தது.

எண்பத்திரண்டு பவுண் முப்பத்தாறு பென்ஸ் என்னிடம் இருந்தது. கட்டணத்துக்கு ஏழு பவுண் அறுபத்துநாலு பென்ஸ் குறைவு. திங்கட்கிழமை காலையில், தூங்காமல் இருந்த நான், சமையலறையில் சில்லறை போடுகிற ஹோர்லிக்ஸ் போத்தலைக் கவிழ்த்தேன். பெரும்பாலும் செப்புக்காசு. ஒரு பொலித்தீன் பையில் கட்டி, கல்லூரிக்குக் கொண்டுபோனேன். பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றபோது, எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள், காசு குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆங்கிலேயப் பெண் இருந்தாள். பையை அவிழ்த்து, ஒவ்வொரு பென்சாக எண்ணி, பத்துப் பத்தாக அடுக்கினாள். கடைசியில் இரண்டு பென்ஸ் கூடுதலாக இருந்தது. அதை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் ரசீது எழுதினாள். எண்ணுவது என்றால் அப்படி எண்ண வேண்டும்.

தம்பிக்குப் பெனிபிட் கிடைத்தது. வகுப்பு இரண்டு வருடம் ஓடியது. மூன்றாவது வருடம் ஒருவரின் பிறப்புச் சான்றிதழை டேனிஷிலிருந்து நேரே ஆங்கிலத்துக்கு நானே எழுதினேன். முன்னுக்கே சொல்லிவிட்டேன்: சொல்லுக்கு இவ்வளவு, ஆங்கிலத்தில் எண்ணுவோம், நீங்களும் எண்ணிப் பாருங்கள் என்று. அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். எங்கள் ஆட்களுக்குள்ளே இப்படி முன்னுக்கே காசு கதைப்பதா என்ற சுளிப்பு. சுளித்தால் சுளிக்கட்டும்.

மாஸ்டரைப் பிறகு கோயிலில் பல தடவை கண்டேன். கண்டால், "பிள்ளைக்கு நான் காசு தரவேணும், என்ன?" என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். மாஸ்டர் பகிடி விடுகிறார் என்று நினைப்பார்கள். நான் சிரிப்பதில்லை. கடை கைமாறிவிட்டது, அந்த அறையில் இப்போது யாரோ குடியிருக்கிறார்கள். நாலு துண்டும் என் பாஸ்போர்ட் வைக்கிற உறைக்குள் இருக்கின்றன. இடையிடையே எடுத்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

எனக்கு எண்ணாமல் விட்ட எழுநூற்றைம்பத்தாறு சொல்லுக்கு இருபத்திரண்டு பவுண் அறுபத்தெட்டு பென்ஸ்; அதில் அன்ரி தந்த பத்தைக் கழித்தால், மாஸ்டர் எனக்கு இன்னும் தரவேண்டியது பன்னிரண்டு பவுண் அறுபத்தெட்டு பென்ஸ்.